பூட்டிய பீரோவும் ஆயிரத்துக்கு ஐந்தும்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் கேட்டார்: "சார், வீட்டில் அப்பா காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் மூன்று பெட்டி இருக்கின்றன. பிள்ளைகள் புனேயில். அவர்களுக்கு இது வேண்டாமாம். நீங்கள் போய்வரும் பள்ளிக்கூட லைப்ரரிக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா?"

"எடுத்துக்கொள்வோம். ஆனால் எல்லாவற்றையும் அல்ல" என்றேன். அவர் முகம் சற்று வாடிவிட்டது. அதற்குள் பாயசம் வந்துவிட்டதால் விளக்கம் சொல்ல முடியாமல் போயிற்று. விஷயத்தைக் கேள்விப்பட்ட நம் மலர் ஆசிரியர், "அந்த விளக்கத்தைக் கட்டுரையாகவே எழுதிக் கொடுங்கள்" என்று பணித்தார். எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் நூலக இயல் படித்தவன் அல்லன். சிவில் எஞ்சினியரிங் டிப்ளமா முடித்து 1980ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளமும் ஜல்லியுமாக முப்பத்தெட்டு வருடம் ஓட்டி, 2018ல் நாக்பூரில் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அடுத்த ஆண்டு முதல் இங்குள்ள ஒரு பள்ளியின் நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போய் உதவி செய்து வருகிறேன். மராத்தி, இந்தி வீட்டுப் பிள்ளைகளோடு நம் குடும்பத்துப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் நூலகத் துறை அன்பர்கள் பொறுத்தருள்க.

சாவி எங்கே?

முதல் நாள் நான் போனபோது நூலக அறை சுத்தமாக இருந்தது. சுமார் நாலாயிரம் புத்தகங்கள். எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிகளில். எல்லாக் கதவிலும் பூட்டு. மூலையில் ஓர் இரும்பு பீரோ. முன்பு அந்தப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருந்தது. அப்போது வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் முன்னூறுக்கு மேல் அதற்குள் இருந்தன. அதன் சாவி தலைமை ஆசிரியரின் மேஜை இழுப்பறையில். கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

நூலகர் ஒரு மராத்திய அம்மையார். என்னைக் 'காகா' என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் சித்தப்பா, பெரியப்பா முறை. (நம் ஊரில் யாராவது கேட்டால் காக்கைக்குச் சோறு வைக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள்.) "ஏன் மேடம் இப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பேரேட்டை எடுத்துக் காட்டினார். அவருக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெறும்போது ஸ்டாக் எடுத்தார்களாம். எத்தனையோ வருஷத்துக் கணக்கில் காணாமல் போன புத்தகங்களின் விலையை எல்லாம் கூட்டி, அவருக்கு வர வேண்டிய தொகையில் பிடித்துவிட்டார்களாம். "காகா, என் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அது புதிதாகவும் தோன்றவில்லை. பெர்மனன்ட் வேயில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஸ்டாக் வெரிஃபையர் வருகிறார் என்றால் வயிற்றில் என்ன கரைக்கும் என்று. ஒரு டஜன் ஃபிஷ் போல்ட் குறைந்தால் ஸ்டாக் ஷீட், அதற்குப் பதில், பதிலுக்கு மேல் கேள்வி. இதற்குப் பயந்து நானே நல்ல சாமான்களைச் செலவுக்குக் கொடுக்காமல் ஸ்டோரில் பூட்டி வைத்திருக்கிறேன். லைனில் கேங்மேன் பழைய போல்ட்டை வைத்துக்கொண்டு மல்லாடுவான். இங்கே என் ஸ்டோரில் புதுப் போல்ட் எண்ணெய் தடவிப் பத்திரமாக இருக்கும். கணக்கு சரியாக இருக்கும். வேலைதான் நடக்காது.

ஆகவே பள்ளி நூலகத்தை நிர்வாகம் செய்வது என்றால் முதல் பாடம், அடுக்குவதும் அல்ல, அட்டை போடுவதும் அல்ல. இந்தப் பயத்தை முதலில் தீர்க்க வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் பொது நிதி விதிகள் என்று ஒரு தொகுப்பு உண்டு. அரசு உத்தியோகத்தில் இருந்தவர்கள் ஜி.எஃப்.ஆர். என்று சொல்வோம். 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 215ஆம் விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. முந்தைய 2005 பதிப்பில் அது 194ஆம் விதி. இருபதாயிரம் புத்தகம் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் எண்ண வேண்டும். இருபதாயிரத்துக்கு மேல் ஐம்பதாயிரம் வரை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது எண்ண வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி அடுத்து வருகிறது. ஓர் ஆண்டில் வெளியே கொடுத்தும் உள்ளே வைத்துப் படித்தும் பயன்பட்ட புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் காணாமல் போனால் அது நியாயமான இழப்பு. நேர்மைக் குறைவோ கவனக் குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும், விலை எதுவானாலும் கிடைத்தற்கரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறேன். ஆயிரத்துக்கு ஐந்து என்பது அலமாரியில் இருக்கிற ஆயிரத்துக்கு அல்ல, கைமாறிய ஆயிரத்துக்கு. எங்கள் பள்ளியில் நான் போன வருஷம் வரை ஆண்டுக்கு அறுபது புத்தகம்கூட வெளியே போனதில்லை. அறுபதுக்குக் கணக்குப் போட்டால் 0.3 வருகிறது. அதாவது ஒரு புத்தகம் தொலைந்தாலும் குற்றம். இதே நூலகத்தில் ஆண்டுக்கு இரண்டாயிரம் முறை புத்தகம் கைமாறினால் பத்துப் புத்தகம் வரை போகலாம், பிள்ளைகளும் படித்திருப்பார்கள். பூட்டி வைக்கிறவருக்கு விதியில் சலுகையே கிடையாது. திறந்து வைக்கிறவருக்குத்தான் உண்டு. பூட்டு பாதுகாப்பு என்று நினைத்த அந்த அம்மையாருக்கு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியபோது, இரண்டு முறை கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்.

இந்த விதி மத்திய அரசு அலுவலகங்களுக்கு உரியது. தனியார் நிர்வாகப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. அதனால் நாங்கள் பள்ளி நிர்வாகக் குழுவிடம், இதே அளவை நம் பள்ளிக்கும் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு தீர்மானம் கேட்டோம். அதற்கு ஏழு மாதம் ஆயிற்று. ஒரு உறுப்பினர், "அப்படியானால் ஆயிரத்துக்கு ஐந்து திருடலாம் என்று சட்டமே போடுகிறோமா?" என்று கேட்டார். "ஐயா, ரயில் ஓடினால் தண்டவாளம் தேயும். தேய்மானத்துக்கு ரயில்வே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தேயாத தண்டவாளம் வேண்டும் என்றால் ரயிலை நிறுத்திவிட வேண்டும்" என்றேன். தீர்மானம் நிறைவேறியது. மேஜையில் படித்துவிட்டு வைத்துப் போகும் புத்தகங்களையும் தினமும் எண்ணிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். உள்ளே வைத்துப் படித்ததும் கணக்கில் சேரும் அல்லவா? பிள்ளைகளே புத்தகத்தைத் திரும்ப அடுக்கக் கூடாது, மேஜையிலேயே விட்டுவிட வேண்டும் என்று அறிவிப்பு எழுதிப் போட்டோம். இதனால் தப்பான இடத்தில் சொருகுவதும் நின்றது.

பூட்டுத் திறந்த முதல் முழு ஆண்டில் இரண்டாயிரத்து நூறு முறை புத்தகங்கள் கைமாறின. ஏழு காணவில்லை. கணக்குப்படி பத்து வரை போகலாம். ஏழில் ஒன்று, ராய்ப்பூருக்கு மாற்றலாகிப் போன ஒரு பையனிடமிருந்து தபாலில் திரும்பி வந்தது.

நூலகங்களில் புத்தகத்தைப் பூட்டுவது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்தே வைத்திருந்தார்கள். புத்தகம் பயன்படுவதற்காகவே என்பதை முதல் விதியாக வைத்து, ஐந்து விதிகளில் நூலக இயலுக்கு அஸ்திவாரம் போட்டவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஐந்து விதிகள் நூலாக வந்தது 1931ல். படிக்கிறவனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. என் போன்ற எஞ்சினியருக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

எண் ஒருமுறைதான்

இனி வேலைக்கு வருவோம். புத்தகம் உள்ளே வந்ததும் வரிசை எண் கொடுத்து எழுதும் பேரேட்டை அக்ஸஷன் ரிஜிஸ்டர் என்கிறார்கள். தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, எப்படி வந்தது, கடைசியில் குறிப்பு. இதில் ஒன்றுதான் முக்கியம். ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த எண்ணை, அந்தப் புத்தகம் போன பிறகும் வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ரயில் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கம் அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. பெட்டி கண்டம் ஆன பிறகு அந்த எண்ணை வேறு பெட்டிக்கு எழுதினால் என்ன குழப்பம் வரும்! எங்கள் பள்ளியில் காலி எண்களில் புதுப் புத்தகங்களை எழுதி வைத்திருந்தார்கள். அதைச் சீர் செய்யவே ஒரு மழைக்காலம் போய்விட்டது.

கம்ப்யூட்டர் வேண்டுமா என்று கேட்பார்கள். தேசியத் தகவல் மையத்தின் இ-கிரந்தாலயா இருக்கிறது, கோஹா இருக்கிறது. இரண்டுக்கும் மென்பொருள் விலை கிடையாது. ஆனால் பேரேடு தப்பாக இருந்தால் கம்ப்யூட்டரிலும் அதே தப்பு இன்னும் வேகமாக வரும். பேரேட்டைச் சரி செய்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டருக்குப் போவது நல்லது.

தமிழ்ப் பெயர் தந்த தலைவலி

அடுக்குவதற்கு ட்யூயி முறை. 1876ல் வந்தது. 500 என்றால் விஞ்ஞானம், 600 தொழில்நுட்பம், 900 வரலாறும் பூகோளமும். பள்ளிக்கு இது போதும். ஆனால் குருட்டுத்தனமாகப் பின்பற்றினால் ரயிலைப் பற்றிய ஒரு புத்தகம் போக்குவரத்து என்று 385லும் இன்னொன்று தண்டவாளக் கட்டுமானம் என்று 625லும் போய்விடும். ரயில் பிரியனான ஐந்தாம் வகுப்புப் பையன் ஒன்றைத்தான் பார்ப்பான். பள்ளியில் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. வைத்தேன்.

தமிழ் பீரோவில்தான் ட்யூயி கைவிட்டார். தமிழ் இலக்கியம் என்றாலே 894.811 என்றுதான் எண் தொடங்கும். முன்னூறு புத்தகத்தின் முதுகிலும் அதையே எழுதி என்ன பயன்? ஆகவே எண்ணை விட்டுவிட்டு வண்ண நாடா ஒட்டினோம். கதைக்கு மஞ்சள், பாட்டுக்குப் பச்சை, சரித்திரத்துக்கும் வாழ்க்கை வரலாற்றுக்கும் சிவப்பு, சிறுவர் நூலுக்கு நீலம்.

அடுத்தது ஆசிரியர் வரிசை. பழைய கார்டுகளில் யாரோ ஆங்கிலத்தில் எழுதி, இனிஷியலை முதலில் வைத்து அடுக்கியிருந்தார்கள். கி.ராஜநாராயணன் 'கே' வரிசையில் இருந்தார். 'எஸ்' வரிசையில் பாதித் தமிழ்நாடே இருந்தது. நம் பெயர்களில் இனிஷியல் ஊருக்கும் தகப்பனாருக்கும் உரியது. தேடுகிறவர் பெயரைத்தான் நினைப்பார். ஆகவே பெயரை முன்னால் எழுதி, இனிஷியலைப் பின்னால் போட வேண்டும்: ராஜநாராயணன், கி. புனைபெயரால் அறியப்பட்டவரைப் புனைபெயரிலேயே வைக்க வேண்டும். புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்று வைத்தால் யார் கண்டுபிடிப்பார்? சுஜாதாவை ரங்கராஜன் என்று வைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்குள்ள பிள்ளைகளிடம் அவர் ஆண் என்று சொல்ல வேண்டியிருக்கிறது!

இன்னொரு சிக்கல். நூலகர் அம்மையாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரிந்தவர் யாரும் தினம் வரப்போவதில்லை. அப்படியானால் திரும்பி வரும் புத்தகத்தை எங்கே வைப்பார்? பீரோ பூட்டிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, ஆசிரியர்களை அகர வரிசைப்படி ஜாபிதா எழுதி, அகிலன் தொடங்கி ஒவ்வொருவருக்கும் 10, 20, 30 என்று பத்துப் பத்தாக எண் கொடுத்தேன். நடுவில் புதியவர் வந்தால் 15 கொடுக்கலாம். ஜெயகாந்தன் போன்ற வடவெழுத்துப் பெயர்கள் கடைசியில். முதுகில் அந்த எண்ணும், அட்டைக்குள் தலைப்பு தேவநாகரியிலும். இப்போது தமிழே தெரியாத ஒருவர் தமிழ் நூல்களைப் பிழையில்லாமல் அடுக்குகிறார். நான் ஊரில் இல்லாவிட்டாலும் பீரோ திறந்திருக்கிறது.

எதைக் கழிப்பது?

பந்தியில் கேட்ட அன்பருக்கு உரிய பகுதி இதுதான். நூலகத்துக்கு வருவதைப் பற்றி எவ்வளவு யோசிக்கிறோமோ, வெளியே போவதைப் பற்றியும் அவ்வளவு யோசிக்க வேண்டும். இடம் ரப்பர் அல்ல. தவறான புத்தகத்தின் பின்னால் சரியான புத்தகம் ஒளிந்துகொள்கிறது.

தவறான தகவல் உள்ளது முதலில் போக வேண்டும். சூரியனைச் சுற்றும் கிரகம் ஒன்பது என்று சொல்லும் நூல் 2006க்குப் பிறகு பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கும். ரயில்வே மண்டலம் ஒன்பது என்ற பொது அறிவு நூல்கள் எங்கள் அலமாரியில் நான்கு இருந்தன. 2003லேயே அது பதினாறு ஆயிற்று. தெலங்கானா இல்லாத இந்திய வரைபடம் 2014க்கு முந்தையது. இவையெல்லாம் போகட்டும், உயிருக்கு ஆபத்தானதும் இருந்தது. பழைய முதலுதவி நூல் ஒன்று, பாம்பு கடித்த இடத்தைக் கீறி இரத்தத்தை உறிஞ்சச் சொன்னது. இன்று மருத்துவர்கள் கூடவே கூடாது என்று சொல்லும் காரியம். அந்த நூலுக்கு அட்டை புதிதாகப் போட்டு, நல்ல நிலையில் வைத்திருந்தார்கள்!

கிழிந்த புத்தகம் கெட்ட புத்தகம் அல்ல. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். என் காலத்தில் 52 கிலோ தண்டவாளத்தை, வயதாகிவிட்டது என்று மாற்ற மாட்டோம். அதன் மேல் எத்தனை டன் ஓடியது என்று பார்ப்போம். 90 யூ.டி.எஸ். ரகத்துக்கு 525 மில்லியன் டன் என்று கணக்கு. புத்தகமும் அப்படியே. ஓரம் மடங்கி, தையல் விட்டு, பக்கம் கறுத்திருந்தால் அது நிறையச் சுமந்திருக்கிறது. அதைக் கழிப்பதோடு நிற்காமல், அதே நூலின் புதுப்பிரதி இரண்டு வாங்க வேண்டும். முப்பது வருஷமாகப் புத்தம் புதிதாக இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பின்னட்டைத் தேதிச் சீட்டைப் பாருங்கள், கதை சொல்லும்.

பழையது என்பதற்காகவும் கழிக்கக் கூடாது. சோவியத் நாட்டில் அச்சாகி மலிவு விலைக்குத் தமிழில் வந்த விஞ்ஞான நூல்களும் சிறுவர் கதைகளும் எங்கள் பீரோவில் கொஞ்சம் இருந்தன. 1991ல் அந்த நாடே போய்விட்டது. அங்கிருந்து இனி வராது. பெரல்மானின் பௌதிகம் இன்றும் பௌதிகம்தான்.

இவ்வளவு தெரிந்த நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டுக் கழிவின்போது பீரோவின் அடித்தட்டில் நாலைந்து கட்டுகள் இருந்தன. அந்தக் காலத்துத் தமிழ் மாணவர்கள் கையால் எழுதிப் படம் வரைந்து தைத்த கையெழுத்துப் பத்திரிகைகள். ஒன்றிலும் அக்ஸஷன் எண் இல்லை. எண் இல்லாதது ஸ்டாக் இல்லை. ஸ்டாக் இல்லாதது ஸ்கிராப். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். பழைய கைடுகளோடு சேர்த்து ரத்திக்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஓர் அம்மையார் வந்தார். வயது அறுபதுக்கு மேல். அந்தப் பள்ளியில் படித்தவர். பீரோ திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். அவர் அண்ணன் பத்தாம் வகுப்பில் அந்தப் பத்திரிகைக்கு அட்டைப்படம் வரைந்தாராம். கல்லூரியில் சேர்ந்த வருஷமே காலமாகிவிட்டாராம். "ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன், ஃபோனில் படம் எடுத்துக்கலாமா?" என்றார். நான் என்ன சொல்வேன்? உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் ரத்திக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். காகித ஆலைக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன.

அதற்குப் பிறகு எங்கள் கழிவு விதியில் முதல் வரி இது: பள்ளியே உண்டாக்கியது எதுவும், எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெளியே போகக் கூடாது. மலர், கையெழுத்துப் பத்திரிகை, பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது வரி: ஒருவர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. நூலகர், ஓர் ஆசிரியர், அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவர் என்று மூவர் கையெழுத்து வேண்டும். கழிக்கும் நூல்கள் ஒரு மாதம் தனி மேஜையில் இருக்க வேண்டும். யாராவது காப்பாற்ற நினைத்தால் காப்பாற்றலாம். ரயில்வேயில் இதற்கு சர்வே கமிட்டி உண்டு. எனக்குத் தெரியாத முறை அல்ல. இங்கே தேவையில்லை என்று நினைத்தேன், அவ்வளவே.

பூச்சியும் ஈரமும்

சுருக்கமாகச் சொல்கிறேன். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து நான்கு விரற்கடையாவது உயரட்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளியை மீண்டும் திறந்தபோது, கீழ்த்தட்டில் ஒரு வரிசை முழுவதும் கரையான் மண்ணாக இருந்தது. இராமபாணப் பூச்சிக்கு மூடிய இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும். காற்றும் மனிதக் கையும் பட்டால் தங்காது. பாச்சை உருண்டையைப் பிள்ளைகள் உட்காரும் அறையில் கொட்டி வைப்பது நல்லதல்ல. கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டவே வேண்டாம். சில ஆண்டில் பசை மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். மெல்லிய காகிதமும் மைதாப் பசையும் போதும்.

வாங்குவது

அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2018 முதல் ஆண்டுக்கு ஐயாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை நூலக மானியம் வைத்தார்கள். எங்களுக்கு நிர்வாகம் கொடுப்பதும் அந்த அளவுக்குள்தான். இருக்கிற பணத்தை மார்ச் மாதத்தில் செலவழிக்காதீர்கள். நிதியாண்டு முடிவில் பையோடு வரும் ஏஜெண்டு, அலமாரி நீளத்துக்கு ஒரே நிற அட்டை போட்ட செட்டைக் காட்டுவார். அழகாக இருக்கும். பத்து வருஷம் கழித்தும் அப்படியே அழகாக இருக்கும். பாதிப் பணத்தை ஜூலையில், பிள்ளைகள் 'வேண்டும்' நோட்டில் எழுதியதைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும்.

மொழிக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளுக்கு இருமொழிப் புத்தகம் பெரிய உதவி. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாக சென்னையில் தூலிகா போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் 1957 முதல் இருக்கிறது, அவர்களிடம் ஒரே சிறுவர் நூல் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கிடைக்கும். மூன்றையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து 2015 முதல் கதைகளை இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் வாரம் தவறாமல் மஞ்சள் நாடாப் புத்தகம், அதுவும் கனமான நாவலாகப் பார்த்து எடுத்துப் போனாள். எனக்குச் சந்தேகம். "இதெல்லாம் நீயாம்மா படிக்கிறே?" என்றேன். "இல்லை தாத்தா, எங்க பாட்டிக்கு. ராத்திரி எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டுவாங்க" என்றாள். பேரேட்டில் பேத்தியின் பெயர்தான் இருக்கிறது. மாணவர் அல்லாதவருக்குப் புத்தகம் தரலாமா என்று விதியில் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டேன். போன வாரம் பாட்டி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தார்: இரண்டாம் பாகம் எங்கே என்று. முதல் பாகம்தான் பள்ளியில் இருக்கிறது.

ஆகவே அன்பர்களே

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நூலகத்தில் பார்த்துத்தான் ஆக வேண்டும். நாவல், சிறுகதை, வாழ்க்கை வரலாறு, சிறுவர் நூல், தொடர்நாவலின் இரண்டாம் பாகங்கள் ஆகியவற்றைத் தலைவணங்கி வாங்கிக்கொள்வோம். பழைய போட்டித் தேர்வு கைடு, வருமான வரி விளக்கம், உதிரியான வாரப் பத்திரிகைகள் வேண்டாம். வார இதழில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது இருந்தால் மட்டும் கட்டாயம் காட்டுங்கள். நூலாக வராத தொடர்கள் அதில் இருக்கலாம்.

பந்தியில் கேட்டவருக்கு: மூன்று பெட்டியையும் நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். அதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். அப்பாவின் கடிதமோ, பற்று ரசீதோ, ஓரத்தில் அவர் எழுதிய குறிப்போ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் என்னால் தர முடியாது.

விதர்பாவில் பள்ளிகள் ஜூன் கடைசியில்தான் திறக்கின்றன. அதற்குள் தமிழ் பீரோவுக்கு எண் ஒட்டும் வேலை மிச்சம் இருக்கிறது. தமிழ் எழுத்து வரிசை தெரிந்த இரண்டு பேர் சனிக்கிழமை காலை வர முடிந்தால் நல்லது. பசையும் நாடாவும் பள்ளியில் இருக்கின்றன. மூக்குக்கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.